ஹோஸ்ட் ஃபேமிலில தங்கி ஆறு வாரம் ஆச்சு, ஃப்ரெஞ்ச் மட்டும் வரமாட்டேங்குது

நெல்லை_நிவி | அக்டோபர் 13

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் மொதல் தடவ எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

ஃப்ரான்ஸ்ல தூர்ங்கிற ஊர்ல இருக்கேன். (ஆமா தூர்தான், குளத்துல தூர் வாருறோமே அந்தத் தூர். அப்பாகிட்ட சொன்னப்ப "எந்தக் குளத்துல"ன்னு கேட்டாங்க.) லுவார் ஆத்தங்கரை, பாரிஸ் மோன்பர்னாஸ்ல ட்ரெயின் ஏறினா ஒரு மணி நேரம் சொச்சம். செப்டம்பர் ஒண்ணாம் தேதி வந்தேன். மொழிப்பள்ளில வாரத்துக்கு 20 மணி நேரம் கிளாஸ், ஜூன் வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள டெல்ஃப்ங்கற ஃப்ரெஞ்ச் மொழித் தேர்வுல பி2 நிலை எழுதணும், அப்பதான் மாஸ்டர்ஸ்க்கு அப்ளை பண்ண முடியும். வரும்போது ஊர்ல அதுக்கு ரெண்டு படி கீழ இருக்கற ஏ2 முடிச்சிருந்தேன்.

ரூம் எடுத்தா நம்மாளுங்க கூட சேந்து தமிழ்லயே காலத்த ஓட்டிருவேன்னு பயந்துதான் ஹோஸ்ட் ஃபேமிலிக்கு வந்தேன். காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் சேத்து வாரத்துக்கு 230 யூரோ. எங்கப்பாவுக்கு இது சும்மா காசு இல்ல. வீட்டம்மா, அதாவது மேடத்துக்கு 68 வயசு, ரிட்டயர்டு நர்ஸ். அவங்க வீட்டுக்காரர் முசியூ எழுபதத் தாண்டினவர், வாயத் தொறக்கவே மாட்டார், குறுக்கெழுத்துப் புதிரும் கையுமா உக்காந்திருப்பார். மேல் ரூம்ல நெதர்லாந்து பொண்ணு ஒருத்தி, அவளும் ஸ்டூடண்ட்தான்.

பிரச்சனை என்னன்னா ராத்திரி ஏழரைக்கு சாப்பிட உக்காந்தா அந்தப் பொண்ணும் மேடமும் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சிடுறாங்க. மேடத்தோட மக அயர்லாந்துல இருந்தாளாம், அதனால மேடத்துக்கு இங்கிலீஷ் பழகணும்னு ஆசை!! நான் குனிஞ்ச தலை நிமிராம சாப்டுட்டு "மெர்சி, ஸே போன்"னு (நன்றி, நல்லா இருக்கு) சொல்லிட்டு மாடிக்கு வந்துடுறேன். ஆறு வாரத்துல அந்த வீட்ல நான் பேசின ஃப்ரெஞ்ச மொத்தமா கூட்டினா ஒரு பக்கம் தேறாது. கிளாஸ்ல இலக்கணம் எல்லாம் புரியுது, மார்க்கும் வருது, கடைல பொம்பள ஒரு கேள்வி கேட்டா மட்டும் மூளை அப்படியே நின்னுடுது.

காச மிச்சம் பண்ணி ரூமுக்கே போயிடவா? போனவங்க, இருந்தவங்க சொல்லுங்க.

கணக்குப்புள்ள | அக்டோபர் 13

போயிடுங்க. நான் லியோன்ல அஞ்சு வருஷமா இருக்கேன், மொத மூணு மாசம் ஹோஸ்ட் ஃபேமிலிதான், சுத்த வேஸ்ட். ஹோஸ்ட் ஃபேமிலின்னா ஏதோ தத்து எடுத்துக்கிட்ட மாதிரி நெனச்சிட்டு வர்றோம், அவங்களுக்கு அது காலி ரூமுக்கு வர்ற வாடகை, அவ்ளோதான். தப்பும் சொல்ல முடியாது, 20 வருஷமா வருஷத்துக்கு ஆறு ஏழு பேர் வந்து வந்து போனா யாருக்குத்தான் உற்சாகம் இருக்கும். நான் கத்துக்கிட்டதெல்லாம் அப்பறம் போன கொலொக்ல, அதாவது மூணு ஃப்ரெஞ்ச் பசங்களோட ஷேர் பண்ணின வீட்ல. பாத்ரூம் யார் கழுவறதுன்னு சண்டை போட்டு போட்டு வந்த மொழி.

அப்பறம் ஒண்ணு, கனடா ஐடியா எதாவது இருந்தா அங்க மத்திய அரசு வழியா குடியேற டெல்ஃப் செல்லாது, டெஃப் கனடா இல்ல டிசிஎஃப் கனடாங்கற தேர்வுகளத்தான் எடுத்துக்குவாங்க, அதுவும் ரெண்டு வருஷம்தான் ஆயுசு. டெல்ஃப் காலாவதி ஆகாது. ஃப்ரான்ஸ்லயே படிக்கப் போறீங்கன்னா டெல்ஃப் சரி.

புதுவைக்காரன் | அக்டோபர் 14

கணக்கு அண்ணே ஆரம்பத்துலயே பெட்டிய கட்டச் சொல்லாதீங்க, பாவம் அந்தப் பொண்ணு.

நிவி, ஒண்ணு கேக்கறேன், மேடத்த நீங்க "து"ன்னு (நீ) கூப்பிடறீங்களா "வூ"வா (நீங்க)?

நெல்லை_நிவி | அக்டோபர் 14

வூ தாங்க. மொத நாளே "து சொல்லு, பரவால்ல"ன்னு சொன்னாங்க. எப்படிங்க சொல்றது? எங்க ஆச்சி வயசு. ஒரு தடவ தைரியமா "து"ன்னு ஆரம்பிச்சு பாதிலயே நாக்கு கூசி வாக்கியத்தையே விட்டுட்டேன். இப்பல்லாம் து-வும் வேண்டாம் வூ-வும் வேண்டாம்னு எழுவாயே இல்லாம பேசுறேன். "உப்பு, ப்ளீஸ்". "ஜன்னல், மூடவா".

புதுவைக்காரன் | அக்டோபர் 14

ஹாஹா அதான் கேட்டேன். எங்க தாத்தா சொல்தா. புதுச்சேரில ஃப்ரெஞ்ச் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவங்கள அப்படித்தான் சொல்லுவோம், சோல்தா-ன்னா சிப்பாய். அவர் வீட்ல பாட்டிய நீங்க வாங்கன்னுதான் பேசுவார், ஃப்ரெஞ்ச்லயும் வூ. நான் ரென் நகரத்துல ஒரு குடும்பத்தோட எட்டு மாசம் இருந்தேன், அந்த வீட்டு அப்பா மூணாவது வாரம் கூப்ட்டு "நான் உன்ன கோபப்படுத்தினேனா"ன்னு கேட்டார். நான் தொடர்ந்து வூ போட்டதுல, இவன் தள்ளியே நிக்கறான், நம்மள புடிக்கலன்னு நெனச்சிட்டார். நமக்கு அது மரியாதை, அவங்க ஒருதடவ "து சொல்லு"ன்னு கதவத் தொறந்தப்பறமும் வாசல்லயே நின்னா அவங்களுக்கு அது விலகல். நம்ம நீ/நீங்க மாதிரியேதான் இருக்கும், ஆனா அளக்கற கோல் வேற, நாம வயச வச்சு அளக்கறோம் அவங்க நெருக்கத்த வச்சு அளக்கறாங்க. கடைக்காரர், டாக்டர், அறிமுகம் இல்லாத பெரியவங்க, இவங்களுக்கெல்லாம் வூதான், அதுல மாத்தம் இல்ல.

என் கணக்குப்படி உங்க பிரச்சனை நெதர்லாந்து பொண்ணு இல்ல, நீங்க அந்த வீட்ல விருந்தாளியா இருக்கீங்க. நல்ல விருந்தாளி. பேசமாட்டா, கேக்கமாட்டா, தொந்தரவு குடுக்கமாட்டா. அப்படி இருந்தா மொழி எப்படி வரும்.

நெல்லை_நிவி | அக்டோபர் 14

> நல்ல விருந்தாளி

இது சுருக்குனு இருக்கு. சொன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு, கேளுங்க.

வந்த மூணாம் நாள் உருளைக்கிழங்கு க்ராத்தான் பண்ணியிருந்தாங்க, பால் க்ரீம் எல்லாம் போட்டு ஓவன்ல வைக்கிறது, அவ்ளோ ருசி. இன்னும் கொஞ்சம் வேணுமான்னு பாத்திரத்த நீட்டினாங்க. நான் சந்தோஷமா "மெர்சி"ன்னேன். பாத்திரம் அப்படியே அந்தப் பக்கம் போயிருச்சு! கிளாஸ்ல டீச்சர்கிட்ட கேட்டாதான் தெரியுது, ஒண்ண நீட்டும்போது வெறும் மெர்சின்னு சொன்னா "வேண்டாம், நன்றி"ன்னு எடுத்துக்குவாங்களாம். வேணும்னா "உய்", இல்ல "வோலோந்தியே"ன்னு சொல்லணும். நம்மூர்ல மூணு தடவ வேண்டாம்னு சொல்லி நாலாவது தடவ அவங்களா இலைல போடுறத சாப்ட்டு வளந்தவ நான். இங்க ஒரே தடவதான் கேப்பாங்க, அதோட சரி. மொத வாரம் பூரா பசியோடதான் படுத்தேன்.

ரெண்டாவது வாரம் வயிறு நெறஞ்சிடுச்சுன்னு சொல்லப்போய் "ஜ ஸ்வி ப்ளேன்"ன்னு சொல்லிட்டேன். நெதர்லாந்துக்காரிக்கு பொறை ஏறிருச்சு. மாடு ஆடு சினையா இருக்குன்னு சொல்றதுக்கு அந்த வார்த்தையாம். அதாவது சாப்பாட்டு மேசைல உக்காந்து நான் சினையா இருக்கேன்னு சொல்லிருக்கேன். மேடம் ரொம்ப அடக்கமா "ஜே பியன் மான்ஜே"ன்னு (நல்லா சாப்பிட்டேன்) சொல்லணும்னு திருத்தினாங்க. அன்னைல இருந்துதான் வாயே தொறக்கல போல.

லாச்சப்பல்_லவன் | அக்டோபர் 15

தங்கச்சி, வாசிச்சுச் சிரிச்சுப் போட்டன், குறை நினையாதையும்.

நான் 11 வயசில பாரிசுக்கு வந்தனான். எங்களுக்கு ஹோஸ்ட் பேமிலி ஒண்டும் இல்லை, அம்மா அப்பா லாச்சப்பல்ல, அதான் பாரிசில தமிழ்க் கடையள் இருக்கிற இடத்தில, கடை, நான் நேர பள்ளிக்கூடம். எங்கட அம்மா முப்பது வருசம் இங்க இருந்தும் சந்தையில இண்டைக்கும் மீன் கேக்கேக்க "புவாசோன்" எண்டு நடுவில ஸ்-ஐ மெல்லமா, ஸெட் மாதிரிச் சொல்லுவா. அது விஷம். மீன் எண்டா ஸ் அழுத்தமா, "புவாஸ்ஸோன்". மீன்காரன் ஒவ்வொரு சனிக்கிழமையும் "விஷம் முடிஞ்சுது மேடம், சால்மன் இருக்கு" எண்டுவான். அம்மாக்கு அவன் என்ன சொல்லுறான் எண்டு தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் திருப்பித் திருப்பிச் சொல்லுறா எண்டு இப்ப எனக்கு ஒரு சந்தேகம்.

உமக்கு கடையில விளங்காததுக்குக் காரணம் வேற. புத்தகத்தில படிச்ச பிரெஞ்சை இங்க ஒருத்தரும் கதைக்கிறேல்ல. "ஜ ந ஸே பா" (எனக்குத் தெரியாது) எண்டு படிச்சிருப்பீர், வாயில வாறது "ஷேபா". "ஜ ஸ்வி" எண்டுறது "ஷ்வி". "இல் யா" எண்டுறது வெறும் "யா". நாங்கள் எண்டுறதுக்கு "நூ" எண்டு அட்டவணை எழுதிப் பாடமாக்கி இருப்பீர், கதைக்கேக்க "ஓன்" தான், "ஓன் வா", "ஓன் மான்ஜ்". நாங்களும் அப்பிடித்தானே, "போய்விட்டு வருகிறேன்" எண்டு ஆரும் சொல்லுறமோ? இலக்கணப் புத்தகத்தில தமிழ் படிச்சிட்டு ஒரு வெள்ளைக்காரன் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில நிண்டா அவனுக்கு என்ன நடக்குமோ அதுதான் உமக்கு நடக்குது.

தூரிலதான் சுத்தமான பிரெஞ்சு எண்டு சொல்லித்தானே பள்ளிக்கூடக்காரர் உங்களைப் பிடிக்கிறவை? ராசாக்கள் அந்த ஆத்தங்கரையில இருந்ததால வந்த பேர் அது, பதினொராம் லூயி செத்ததே தூருக்குப் பக்கத்து மாளிகையிலதான், 1483 இல. சுத்தமான தமிழ் யாழ்ப்பாணத்தில எண்டு நாங்கள் சொல்லித்திரியிற மாதிரி.

புதுவைக்காரன் | அக்டோபர் 15

கடைசி வரிக்கு இங்க ஒரு சண்டை வரப்போகுது, நான் ஒதுங்கிக்கறேன் 😂

மொழிப்பித்து | அக்டோபர் 16

சண்டைக்கு வரல, ஒரு நல்ல செய்தியோட வரேன்.

எல்லாரும் ஃப்ரெஞ்ச்ல மூக்கு ஒலி கஷ்டம் கஷ்டம்னு சொல்றாங்க. தமிழ் பேசறவங்களுக்கு அது கஷ்டமே இல்ல, ஏற்கெனவே நம்ம வாய்ல இருக்கு, எழுத்துல இல்லாததால நமக்கே தெரியாது. "மரம்"னு சாதாரணமா, வேகமா சொல்லிப் பாருங்க. கடைசில உதடு மூடுதா? மூடாது. ம் காணாமப் போயி ஓ மூக்கு வழியா வரும். அதுதான் ஃப்ரெஞ்ச் "போன்"ல வர்ற ஓன். "வந்தான்" சொல்லுங்க, ன்-ல நாக்கு மேல போய் ஒட்டாது, ஆ மூக்குல வரும், அது ஆன். "அவன்" சொல்லுங்க, பேச்சுல அது அவென் மாதிரி ஆகி மூக்குல முடியும், அது ஃப்ரெஞ்ச் வைனுக்குச் சொல்ற "வேன்"ல வர்ற ஒலிக்கு ரொம்பப் பக்கம். ஆக மரம், வந்தான், அவன். மூணையும் வச்சுக்கிட்டா வோன் (போறாங்க), வான் (காத்து), வேன் (வைன்), மூணையும் பிரிச்சு சொல்லிடலாம். எழுத்தப் பாத்து ன்-ன அழுத்திச் சொன்னா மட்டும்தான் கெட்டுப்போகும்.

இன்னொண்ணு, லியேசோன். "வூ" தனி, "அவே" தனி, சேத்தா "வூஸவே" (உங்ககிட்ட இருக்கு). நடுவுல ஸ எங்கருந்து வந்துச்சுன்னு முழிக்க வேண்டாம், ரெண்டு உயிர் முட்டக்கூடாதுன்னு ஒரு மெய் வந்து நிக்குது, பள்ளிக்கூடத்துல படிச்ச உடம்படுமெய் மாதிரி. அவங்களுக்கு எழுத்துல தூங்கற ஸ் முழிச்சுக்குது, நமக்கு ய் வ் புதுசா வருது, அவ்ளோதான் வித்தியாசம்.

அப்பறம் தயவுசெஞ்சு இங்கிலீஷ் வழியா ஃப்ரெஞ்ச யோசிக்காதீங்க. "ஸ மெ ப்ளே"ங்கறது அப்படியே "அது எனக்குப் பிடிக்குது". "இல் மெ ஃபோ"ங்கறது "எனக்கு வேணும்". எனக்கு எனக்குன்னு நாலாம் வேற்றுமைல நிக்கற வாக்கியம் நமக்கு தண்ணிபட்ட பாடு. இதப் போயி இங்கிலீஷ்ல திருப்பிப் போட்டு குழம்பறோம்.

நிஜக் கஷ்டம் ஒண்ணுதான், "து" "வ்யூ"ல வர்ற அந்த உகரம். இ-ன்னு சொல்லிக்கிட்டே நாக்க அசைக்காம உதட்ட மட்டும் விசிலடிக்கற மாதிரி குவிங்க. கண்ணாடி முன்னாடி ஒரு வாரம். வீட்ல பாக்கறவங்க சந்தேகப்படுவாங்க, பரவால்ல.

நெல்லை_நிவி | அக்டோபர் 16

மரம் மரம்னு பத்து தடவ சொல்லிப் பாத்தேன், உதடு நெசமாவே மூடல!! 24 வருஷமா என் வாய்க்குள்ள இருந்திருக்கு.

சைவப்பிள்ளை | அக்டோபர் 17

நடுவுல வந்ததுக்கு சாரி. ஜனவரில நானும் இதே ஊருக்கு வரேன், ஹோஸ்ட் ஃபேமிலிதான். சுத்த சைவம், முட்டை ஓகே. ஃபார்ம்ல எழுதிட்டேன், அது போதுமா? விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேணும்?

மட்டுறுத்துனர் | அக்டோபர் 17

விசா கேள்விகள் விசா இழையில் மட்டும். இங்க சாப்பாடு பேசுங்க.

ஓபேர்_அக்கா | அக்டோபர் 17

சைவப்பிள்ளை, ஃபார்ம்ல எழுதினது போதாது. "வியாந்த் (இறைச்சி) சாப்பிடமாட்டேன்"னு மட்டும் சொன்னீங்கன்னா பாதிப் பேரு மனசுல அது மாட்டுக்கறி மாதிரி செவப்பு இறைச்சிதான். மீன் வரும். கீஷ்ல லார்தோன்னு குட்டிக் குட்டியா பன்னிக்கறி கெடக்கும், கேட்டா "ருசிக்குப் போட்டது, அது கறி இல்ல"ம்பாங்க, வேணும்னே ஏமாத்தல, நெஜமாவே அப்படித்தான் நெனைக்கறாங்க. மொத நாள் ராத்திரியே உக்காந்து கறி இல்ல, கோழி இல்ல, மீன் இல்ல, ஜாம்போன் இல்ல, லார்தோன் இல்லன்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லுங்க. முட்டை, சீஸ், பருப்பு சாப்பிடுவேன்னும் சேத்துச் சொல்லுங்க, இல்லன்னா ஒன்பது மாசம் பச்சை சாலட்தான். சீஸ் தட்டு வந்தா முக்கோணத் துண்டோட கூர் முனைய நறுக்கி எடுக்காதீங்க, மூக்க வெட்டிட்டான்னு சொல்லுவாங்க, பக்கவாட்டுல நீளமா எடுக்கணும்.

என் கதை வேற. நான் ஓபேரா போனவ, அதாவது குழந்தைங்கள பாத்துக்கிட்டு அந்த வீட்லயே தங்கறது. நிவி மாதிரி காசு குடுத்து இல்ல, அவங்க நமக்கு கைச்செலவுக்கு குடுப்பாங்க. விதிப்படி வாரத்துக்கு 25 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, மாசம் குறைஞ்சது 320 யூரோ, வயசு 18ல இருந்து 30. நான் இருந்த மொத வீட்ல 25 மணி எப்படியோ 40 ஆச்சு, இஸ்திரி, ஜன்னல் துடைக்கறது எல்லாம் சேந்துச்சு, கேட்டா "குடும்பத்துல ஒருத்தி மாதிரி"ன்னாங்க. அந்த வார்த்தைய எவன் சொன்னாலும் மணி கணக்கு எழுதி வைங்கம்மா. நாலு மாசத்துல வீடு மாறினேன்.

ஆனா மொழி? எந்த கிளாஸும் குடுக்காதத அந்த நாலு வயசுப் பையன் குடுத்தான். அவனுக்கு மரியாதை தெரியாது. நான் தப்பா பேசினா "நீ ஏன் குழந்தை மாதிரி பேசற"ன்னு கேப்பான். அதுவும் இல்லாம சண்டை போட வேண்டியிருக்கும், செருப்ப போடு, அத வாய்ல வைக்காத, தம்பிய அடிக்காத, இப்படி ஏவல் வாக்கியமா நாளு பூரா. பெரியவங்களோட பேசறப்ப மனசுக்குள்ள மொழிபெயர்த்து அழகா அடுக்கி அப்பறம் பேசறோம், பையன் தெருவுக்கு ஓடறப்ப அதுக்கெல்லாம் நேரம் ஏது.

கணக்குப்புள்ள | அக்டோபர் 17

இதத்தான் நானும் சொன்னேன். சண்டை போட்டாதான் மொழி வரும். வயசான தம்பதியோட என்ன சண்டை போட முடியும்?

புதுவைக்காரன் | அக்டோபர் 18

ஏன் முடியாது? கணக்கு அண்ணே இங்கதான் நீங்க தப்பு பண்றீங்க. ஃப்ரெஞ்ச் வீட்டு சாப்பாட்டு மேசையே வாக்குவாதத்துக்குத்தான். அரசியல், ரயில் ஸ்ட்ரைக், எந்த பேக்கரில பகெத் நல்லா இருக்குன்னு எதுலயாவது ஒருத்தர் "பா தாகோர்"னு ஆரம்பிக்கணும், ஒத்துக்கலன்னு. கத்திட்டு சீஸ் வந்ததும் சிரிச்சுக்குவாங்க. நான் எட்டு மாசமும் தலையாட்டிட்டு இருந்தேன், பெரியவங்கள எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு வளத்தாங்கல்ல, கடைசில அந்த வீட்டம்மா "உனக்கு எதப் பத்தியும் ஒரு கருத்தும் கெடையாதா"ன்னு கேட்டாங்க. அவமானமா போச்சு.

நிவி, டெல்ஃப் பி2 பேச்சுத் தேர்வு என்ன தெரியும்ல? ஒரு சின்ன துண்டுக் கட்டுரை குடுப்பாங்க, 30 நிமிஷம் தயார் பண்ணணும், அப்பறம் ஒரு நிலைப்பாடு எடுத்து 20 நிமிஷம் அத விட்டுக்குடுக்காம பேசணும், எதிர்ல இருக்கறவர் மறுத்துக்கிட்டே இருப்பார். நாலு பகுதி, ஒவ்வொண்ணும் 25 மார்க், மொத்தம் 50 எடுத்தா பாஸ், ஆனா எதுலயும் 5க்கு கீழ போகக்கூடாது. தலையாட்டறதுக்கு மார்க் கெடையாது. உங்களுக்கு தினம் ஏழரைக்கு இலவசமா அந்தத் தேர்வு நடக்குது, நீங்கதான் எழுதாம மாடிக்குப் போயிடறீங்க.

லாச்சப்பல்_லவன் | அக்டோபர் 18

இலவசமில்லை, 230 யூரோ. 😄

நெல்லை_நிவி | நவம்பர் 9

எல்லாரும் எங்க போனான்னு தேடியிருப்பீங்க (யாரும் தேடல, தெரியும்). மூணு வாரக் கதை இருக்கு.

ரூமுக்குப் போகல. ஆரம்பிச்சது ஒரு தப்புல இருந்து. ஒரு நாள் சரியான காத்து, லுவார் பக்கம் மரமெல்லாம் சாயுது, வீட்டுக்குள்ள வந்ததும் முசியூ மட்டும்தான் இருந்தார். சரி மொழிப்பித்து சொன்ன மாதிரி பேசிப் பாப்போம்னு "இன்னைக்கு வெளிய நெறைய காத்து"ன்னு சொல்ல வந்தேன். வந்தான்-ங்கற மூக்குக்குப் பதிலா அவன்-ங்கற மூக்கு வந்துருச்சு. வெளிய நெறைய வைன்னு சொல்லிட்டேன். அந்த மனுஷன் குறுக்கெழுத்துல இருந்து தலையத் தூக்கி, ஜன்னல் வழியா வெளிய பாத்து, "எங்க?"ன்னு கேட்டார் பாருங்க. ரெண்டு மாசத்துல அவர் என்கிட்ட கேட்ட மொத கேள்வி. அப்பறம் ரெண்டு பேரும் சிரிச்சு, அவர் பேப்பர் ஓரத்துல மூணு வார்த்தையும் எழுதி வாசிக்கச் சொல்லி, இப்ப தினம் சாயந்திரம் குறுக்கெழுத்துல எனக்கும் ஒரு கட்டம் ஒதுக்குறார். ஒண்ணும் தெரியாது எனக்கு. ஆனா அவர் குறிப்ப விளக்கணும்ல, அதுக்கு பேசியாகணும். பேசாத மனுஷன்னு நெனச்சேன், இங்கிலீஷ் தெரியாததால மேசைல வாய மூடிட்டு இருந்திருக்கார், என்ன மாதிரியே.

ரெண்டாவது, அரிசி. மேடம் அரிசிய எப்படி வேக வைக்கிறாங்க தெரியுமா, ஓட்டை போட்ட ப்ளாஸ்டிக் பை, அதுக்குள்ளயே அரிசி, அப்படியே கொதிக்கிற தண்ணில தூக்கிப் போட்டு பத்து நிமிஷம். கழுவக்கூட மாட்டாங்க. ரெண்டு மாசம் பல்லக் கடிச்சுட்டு ஸே போன் ஸே போன்னு சாப்ட்டேன். ஒரு வியாழக்கிழமை முடியல, புதுவைக்காரன் அண்ணன நெனச்சுக்கிட்டு "நோன், பா தாகோர்"னு சொல்லிட்டேன். என்ன பா தாகோர்னு கேட்டாங்க. இந்த அரிசி அரிசியே இல்லன்னேன். சமையக்கட்டுக்கு வா, எது அரிசின்னு காட்டுன்னாங்க. அடுத்த நாள் கடைல சாதா பாஸ்மதி வாங்கி, கழுவி, வடிச்சு, கஞ்சிய ஏன் கீழ ஊத்தக்கூடாதுன்னு வேற விளக்கி (கஞ்சிக்கு ஃப்ரெஞ்ச் என்னன்னு முசியூ அகராதிய எடுத்துட்டு வந்தார், கெடைக்கல), ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். எத்தன தப்பு விட்டேனோ. மேடம் கடைசி வரைக்கும் ஒத்துக்கல, பைல போட்டா பாத்திரம் ஒட்டாதுங்கறாங்க. முசியூ என் பக்கம். இந்தச் சண்டை இன்னும் முடியல.

சமையக்கட்டுக்குள்ள போனப்பறம்தான் மேடம் யாருன்னே தெரியுது. ரொட்டிய நான் தலைகீழா வச்சிருந்தேன், வெடுக்குனு திருப்பி வச்சாங்க. ஏன்னு கேட்டா, அந்தக் காலத்துல தலைய வெட்டுற ஆளுக்குன்னு பேக்கரிக்காரர் ஒதுக்கி வைக்கிற ரொட்டியத்தான் கவுத்து வைப்பாராம், அதனால ஆகாதாம். செருப்பு கவுந்து கெடந்தா சண்டை வரும்னு எங்க ஆச்சி சொல்றத நான் சொன்னேன். அது ஒரு அரை மணி நேரம்.

நெதர்லாந்து பொண்ணுகிட்ட நானே போய் கேட்டேன், மேசைல ஃப்ரெஞ்ச் மட்டும் பேசலாமான்னு. அவளும் அதுக்குத்தான் காத்திருந்தாளாம்! மேடத்துக்கு மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு இங்கிலீஷ் பேசிட்டு இருந்திருக்கா. மேடமோ எங்களுக்கு கஷ்டமா இருக்கக்கூடாதுன்னு. என்னத்த சொல்ல. இப்ப ஞாயித்துக்கிழமை மதியம் மட்டும் இங்கிலீஷ், மேடத்துக்காக.

கணக்குப்புள்ள | நவம்பர் 9

சரி நான் தோத்தேன். ஆனா நம்பர் சொல்லு பாப்போம், அதுலதான் எல்லாரும் விழுவாங்க. 97?

நெல்லை_நிவி | நவம்பர் 9

நாலு-இருவது-பதினேழு. காத்ர் வேன் தி-செத். அதப் பத்தி பேசாதீங்க அண்ணே. டாக்டர் க்ளினிக்ல ஃபோன் நம்பர் சொன்னாங்க, ரெண்டு ரெண்டா சொல்றாங்களா, 76ன்னு சொல்ல "சுவாசான்த்"னு ஆரம்பிச்சதும் நான் 60 எழுதிட்டேன், "சேஸ்"னதும் 16 எழுதிட்டேன். முடிச்சு எண்ணினா பத்து இருக்க வேண்டிய நம்பர்ல 12 இலக்கம்.

லாச்சப்பல்_லவன் | நவம்பர் 9

பெல்ஜியத்துக்குப் போம், அங்க எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேர்ச்சொல் இருக்கு, செப்தான்த், நோனான்த். எண்டாலும் பிரெஞ்சுக்காரரைச் சிரிக்க எங்களுக்கு உரிமை இல்லை, தொண்ணூறுக்குள்ள நூறு என்னத்துக்கு வந்தது எண்டு ஆராவது சொல்லுங்கோ பாப்பம்.

மொழிப்பித்து | நவம்பர் 10

அதுக்கு தனி இழை தொறக்கறேன், இங்க ஆரம்பிச்சா நிவி கதை போயிடும். நிவி, காதுக்கு ஆர்எஃப்ஐ வானொலியோட எளிய ஃப்ரெஞ்ச் செய்தி கேளுங்க, பத்து நிமிஷம்தான். முசியூவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு கேளுங்க, அவர் கண்டிப்பா எதுலயாவது பா தாகோர் சொல்லுவார்.

புதுவைக்காரன் | நவம்பர் 10

எல்லாம் சரி, து-வா வூ-வா? அத சொல்லவே இல்லயே.

நெல்லை_நிவி | நவம்பர் 10

முசியூவுக்கு து வந்துருச்சு, அரிசிச் சண்டைல தானா வாய்ல வந்துச்சு, கோவத்துல மரியாதை போற மாதிரி. மேடத்துக்கு இன்னும் பாதி நாள் வூதான். பூனைக்கு மட்டும் மொத நாள்ல இருந்தே து.

வேற ஒண்ணுல மாட்டிக்கிட்டேன். காலைல கிளம்பும்போது "ஜ வ்யேன்"னு சொல்லிட்டுப் போவேன். வாரேன்னு. மேடம் ஒவ்வொரு நாளும் "எங்க வர்ற? போறல்ல?"ன்னு கேப்பாங்க. "ஜி வே", நான் போறேன்னு சொல்லணுமாம். வாசல்ல நின்னுக்கிட்டு போறேன்னு எப்படிங்க சொல்றது, அம்மா அடிச்சே போட்டுருவாங்க. இத மேடத்துக்கு விளக்கினேன், எங்கூர்ல வீட்ட விட்டு கிளம்புறவங்க போறேன்னு சொல்லக்கூடாது, போயிட்டு வாரேன்னுதான் சொல்லணும்னு. ரொம்ப நேரம் யோசிச்சாங்க. இப்ப அவங்க கடைக்கு கிளம்பும்போது என்னப் பாத்து "ஜ வ்யேன்"னு சொல்லிட்டுப் போறாங்க, முசியூ தலைல அடிச்சுக்கிறார்.

கீழ ஆ தாப்ல்னு சத்தம் கேக்குது. சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் "ஜாரீவ்", இதோ வாரேன்னு. இன்னைக்கு அரிசி, பைல போட்டதாத்தான் இருக்கும். வாரேன்.